நான் நடத்தாத மௌன ஊர்வலம்

அமைதியைத் தேடிப் போகிறவர்களில் பாதிப் பேர், தெரிந்தவர் ஒருவருக்கு அது முதலில் கிடைத்துவிட்டதே என்ற எரிச்சலில்தான் போகிறார்கள். மீதிப் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிற பாதி.

என் பெயர் சாந்தி. (நான் வாய் திறப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.) கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்போம். தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருக்கும் கணவரை நான் வாசலில் நின்று கூப்பிட்டால் பக்கத்து நாட்டிலிருந்து யாராவது பதில் சொல்வார்கள் என்று ஊரில் பேச்சு. அது பொய். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்தது.

எனக்கு எரிச்சலைக் கொடுத்தவர் தேவகி அக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே குழாய். பல வருடங்களாக அந்தக் குழாயடியில் நாங்கள் சரிசமமாகச் சண்டை போட்டு, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நிம்மதியாக வாழ்ந்துவந்தோம். அப்போதுதான் செம்மேட்டில் சமுதாயக் கூடத்தில் புத்த தியான வகுப்பு ஆரம்பித்தது. அக்கா அதில் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் கத்தினால், கண்ணை மூடுவார், ஒரு மூச்சு இழுத்து விடுவார், புன்னகை செய்வார், "நீ நல்லா இரு சாந்தி" என்பார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எதிராளி இல்லாத சண்டை எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரே அக்காவின் பொறுமையைப் புகழ ஆரம்பித்தது. என் கணவரே ஒருநாள், "அண்ணி மொகத்துல ஒரு தேஜஸ் வந்திருச்சு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வகுப்பில் இருந்தேன்.

வகுப்பை நடத்தியவர் நிர்மலா மேடம். நாமக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவார். என்னைவிட வயதில் சின்னவர். இலங்கையில் ஒரு பிக்குணியிடம் சில காலம் கற்றுக்கொண்டவர். காலையில் புதியவர்களுக்கு வகுப்பு. மதியம், விடாமல் வருகிறவர்களுக்கு. தேவகி அக்கா மதிய வகுப்பு. நான், கொட்டாவி விடுகிற காலை வகுப்பு.

"மூச்சு உள்ள போகுது, தெரியுதுங்களா? வெளிய வருது, தெரியுதுங்களா? அவ்வளவுதானுங்க" என்றார் மேடம் முதல் நாள்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. மறுபடியும் மூச்சு உள்ள போகும்."

மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். எல்லோரும் மூன்றில் இருக்கும்போதே நான் பத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தேன். முதலாவதாக வந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெத்தா என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். அதாவது அன்பை அனுப்புவது. முதலில் உங்களுக்கு அனுப்புங்கள், பிறகு பிடித்தவருக்கு, பிறகு பிடிக்காத ஒருவரை மனதில் கொண்டுவந்து அவருக்கும் அனுப்புங்கள் என்றார். நான் மனதில் கொண்டுவரச் சிரமப்படவே இல்லை. ஆள் ஏற்கெனவே அங்கே குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த நேரத்தில் ஊரில் வேறு ஒரு கஷ்டம் நடந்துகொண்டிருந்தது. செம்மேட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாயங்கால பஸ், மழையில் ரோடு சரிந்தபோது நின்றது. ரோட்டைச் சரிசெய்தார்கள். பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. என் மகள் கயல்விழியும் கூடப் படிக்கிற பெண்களும் செம்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் பாதியில் எழுந்து, இருட்டுவதற்குள் காட்டு வழியைக் கடக்க ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அவள் தோழி மேகலாவைப் பயந்துபோய் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சிலர் அந்த அலுவலகத்துக்குப் போய் முறையிட்டோம். (எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, இன்னும் எனக்கு அங்கே வேலை இருக்கிறது.) நான் கத்திய கத்தலில் மின்விசிறி ஆடியது. அதிகாரி மட்டும் அசையவில்லை. "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். இரண்டாவது தடவை போனபோது என் குரல் அவருக்குப் பழகிவிட்டது. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே டீ குடித்தார்.

அப்போதுதான் மேடம் ஒரு மௌன நாள் அறிவித்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை, வழிநடத்தும் அவரைத் தவிர, யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன்னத மௌனம் என்று அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கல்யாணம் என்பதால் ஒரு வேலை நாளில் வைத்தார்கள். மதிய வகுப்புக்காரர்களுக்கு மட்டும்தான். நான் மேடத்திடம் போய்க் கெஞ்சினேன்.

"உங்களால முடியுங்களா, சாந்திக்கா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

"அவங்களால முடியும்னா என்னால முடியாதுங்களா?" என்றேன். அவங்க யார் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் குழாயடி வரலாறு காலை வகுப்புவரை வந்திருந்தது என நினைக்கிறேன்.

அன்று எல்லோரும் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. மணி அடித்ததும் மௌனம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. சொல்லாத வார்த்தைகளெல்லாம் தொண்டையில் வந்து வரிசை கட்டி நின்றன. அடுத்து நடைத் தியானம். கூடத்தின் வளாகத்தில்தான் நடப்பது வழக்கம். அன்று அங்கே யாரோ சாமையைக் காயப்போட்டிருந்தார்கள். அதனால் மேடம், "ரோட்டோரமா நடங்க. பாலம் வந்ததும் திரும்பிருங்க. கால் தூக்கறது, வைக்கறது, அது மட்டுந்தான் கவனம். பின்னால வாரவங்க, முன்னால போறவங்க குதிகாலை மட்டும் பாருங்க. யாராச்சும் பேசுனா கும்பிட்டுச் சிரிங்க. பாதை முடிஞ்சா நின்னு மூச்சைப் பாருங்க" என்றார். முட்டிவலிக்காரர்களோடு அவர் உள்ளே தங்கிவிட்டார்.

வரிசையில் முதலில் போய் நின்றவள் நான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் தேவகி அக்கா.

நடந்தோம். தூக்கு, நகர்த்து, வை. வாழ்க்கையில் முதல்முறையாக என் மனது அடங்கியது. என் கால் கட்டைவிரல் இவ்வளவு அழகானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆனந்தத்தில் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தபோதுதான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட்! பாலத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம். என் பின்னால் வெள்ளை வெளேர் என்று ஒரு வரிசை, குதிகாலைப் பார்த்தபடி, பசுமாடுகள் மாதிரி நம்பி வந்துகொண்டிருந்தது.

திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பினால் தேவகி அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அந்தப் புன்னகையை. நான் முன்னாலேயே நடந்தேன்.

டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஏனுங்க, என்னங்க ஊர்வலம்?"

கும்பிட்டுச் சிரித்தேன்.

"குண்டனி நாட்டுக்காரங்க மாதிரி இருக்குதே. பஸ்ஸு உடலைன்னு மௌன ஊர்வலம் போறாங்களாட்ட இருக்குது!" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். அவ்வளவுதான். மிளகு மூட்டையோடு நின்ற பெண்கள் இரண்டு பேர் மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்தவர்கள் சேர்ந்தார்கள். எங்கள் ஊர் பள்ளிக்கூடப் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து சேர்ந்தார்கள். அதில் என் மகளும் இருந்தாள். "அம்மா, சொல்லவே இல்ல!" என்று காதில் கிசுகிசுத்தாள். அவளையும் கும்பிட்டுச் சிரித்தேன். பயந்துபோய்ப் பின்வாங்கினாள்.

ஒரு போலீஸ்காரர் வந்து, "இதுக்குத் தலைமை யாருங்க? அனுமதி வாங்குனீங்களா?" என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். கும்பிட்டேன். கூடவே சிரிப்பதற்குப் பதிலாக உதடு நடுங்கியது. "ரொம்ப உறுதியா இருக்கறாங்க" என்று அவர் போனில் யாருக்கோ சொன்னார்.

அப்படியே போய் ஒரு இரும்புக் கேட்டில் இடித்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். அந்த அலுவலகம். பாதை முடிந்தால் நின்று மூச்சைப் பார்க்க வேண்டும் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். பின்னால் வந்த கூட்டம் முழுக்க மூச்சுவிடாமல் நின்றது.

அதிகாரி வெளியே வந்தார். டீ டம்ளரோடுதான் வந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா, இன்னிக்குக் கத்தலையா?"

நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

கூட்டத்தில் என் கணவரின் குரல் கேட்டது. மிளகு விற்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார். "சார், கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து பாக்கறேனுங்க. அவ வாயை மூடிட்டு நிக்கறான்னா விசயம் ரொம்பப் பெருசுங்க. என்னன்னு கேட்டு முடிச்சு உட்ருங்க சார்!"

அதிகாரியின் முகம் மாறியது. "சரிம்மா, வாரத்துல மூணு நாள் விடச் சொல்றேன்" என்றார்.

நான் மூச்சை வெளியே விட்டேன். அது கொஞ்சம் பலமாக வந்துவிட்டது.

"சரி சரி, தெனமும் விடச் சொல்றேன்."

எனக்கு மூக்கில் ஏதோ உறுத்தியது. முகத்தைச் சுளித்துத் தும்மலை அடக்கினேன். தலை தானாக இரண்டு பக்கமும் ஆடியது.

"அட, அதுவும் பத்தாதா? ஸ்கூல் உட்ட பொறவு கெளம்பற மாதிரி நேரத்தையும் மாத்தச் சொல்றேம்மா! திங்கக்கெழமையிலிருந்து. போதுமா?" என்று எல்லோர் முன்னாலும் போனை எடுத்துப் பேசி, பேசியதை உரக்கத் திரும்பச் சொன்னார். நாங்கள் முறையிட்டபோது நேரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை நினைத்துக்கொண்டே நான் தும்மினேன். கூட்டம் கை தட்டி விசில் அடித்தது.

அந்த ஆரவாரத்துக்குள் ஸ்கூட்டரில் நிர்மலா மேடம் வந்து சேர்ந்தார். எங்களைக் காணாமல் பாலம், ஓடை என்று எல்லா இடமும் தேடியிருக்கிறார். மூச்சு வாங்க மணியை எடுத்து அடித்தார். மௌனம் முடிந்தது. எல்லோரும் என் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"தண்ணி" என்றேன்.

தேவகி அக்காதான் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள், "பாலத்தைத் தாண்டறப்பவே பாத்துட்டேன்டி" என்றார்.

"பாத்துட்டு ஏனக்கா திரும்பல?"

"நான் திரும்புனா உனக்குத் தோத்த மாதிரி ஆயிருமல்ல?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தேஜஸ் ஒன்றும் இல்லை. என்னைப் போலவே வியர்த்து, என்னைப் போலவே பிடிவாதம் பிடித்த ஒரு முகம். இரண்டு பேரும் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "சாந்திக்கா, திரும்ப வேண்டிய எடத்தைக் கவனிக்கறதுக்குப் பேர்தானுங்க தியானம்" என்றார். என்னை மறுபடியும் காலை வகுப்புக்கே அனுப்பினார். ஸ்கூட்டரைத் திருப்பும்போது அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. ஊரே திரண்டு அதற்கு மாலை போட்டது. முதல் ஆளாக இறங்கியவள் கயல்விழி. அடுத்த வாரம் மேகலாவும் அவளோடு இறங்கினாள். டிரைவர் என்னைப் பார்த்து, ஹாரன் அடிக்காமல் கும்பிட்டுச் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் வாய் திறந்து சாதித்த எதுவும் அதற்கு ஈடாகாது.

வகுப்புக்குத்தான் சோதனைக் காலம். திருப்புலி நாட்டிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. "முதியோர் பென்சனுக்கு எப்படி உக்காரோணுங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மேடம் பொறுமையாக, "மூச்சு உள்ள போகுது, தெரியுதுங்களா?" என்று ஆரம்பித்தார். அந்தப் பெரியவர் இன்னும் வருகிறார். பென்சனைப் பற்றி இப்போது கேட்பதில்லை. நானும் விடாமல் போகிறேன். இப்போது பத்துவரை எண்ண மற்றவர்களுக்கு ஆகும் நேரம் எனக்கும் ஆகிறது.

வீட்டில்தான் ஒரு பழக்கம் நிரந்தரமாக வந்துவிட்டது. நான் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் மகள் அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, "சரி, கோரிக்கை என்னன்னு சொல்லிரு" என்பார். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். கொடியில் காயும் துணியைப் பார்த்தார்.

"சரி, வாஷிங் மெஷின் வாங்கிரலாம்."

என் ஒரு பக்கக் கன்னம் உப்பியது.

"பெருசாவே வாங்கிரலாம்."

நான் பல்லில் சிக்கிய கீரையை நாக்கால் தேடிக்கொண்டிருந்தேன். மெஷின் வந்துவிட்டது.