இடக்கால் அரையங்குலம்

அந்தத் தையற்காரரின் பட்டப்பெயர் ‘அரையங்குலம்’. அரையங்குலப் பிசகையும் பொறுக்கமாட்டார் என்பதால் வாடிக்கையாளர்கள் சூட்டியது. அளவு நாடாவை மட்டும் நம்புபவர் அல்லர் அவர். தைத்து முடித்த ஒவ்வொரு காற்சட்டையையும் தம் இடுப்பில் வைத்துப் பிடித்து, நிலைக்கண்ணாடி முன் நின்று, இரு கால்களின் அடிமடிப்பும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும்வரை திருத்திய பின்னரே இஸ்திரிக்கு அனுப்புவார். முப்பதாண்டுப் பழக்கம்.

ஓராண்டாக அவருக்கு இடப்பக்க இடுப்பில் வலி. முதலில் படியேறும்போது வந்தது; பிறகு உட்கார்ந்து எழும்போது; பிறகு வந்தது போகவே இல்லை.

“நாள் முழுக்க மெஷின் மிதிச்சா வலிக்காம என்ன செய்யும்?” என்றாள் மனைவி.

மெஷினுக்கு மோட்டார் பொருத்தினார். அசையாமல் உட்கார்ந்ததில் இடுப்பு இறுகிப்போயிற்று.

“நடங்க மாமா, எல்லாம் சரியாயிடும்,” என்றான் மைத்துனன். நடந்தார். பாதி வழியிலிருந்து மைத்துனனே தாங்கிக்கொண்டு வந்து சேர்த்தான்.

இதற்கிடையே கடையிலும் நிம்மதி போயிற்று. வங்கி மேலாளர் புதுக் காற்சட்டையோடு வந்து நின்றார்.

“என்னய்யா இது? இடது கால் மட்டும் மேல ஏறிக்கிட்டு நிக்குது!”

கண்ணாடி முன் தாமே சரிபார்த்த உருப்படி. பிழைக்கு இடமேது?

“சார், தையல்ல குறையில்ல. உங்க இடது கால்தான் நீண்டிருக்கு. இடுப்புக் கோளாறு. எனக்கும் அதே பக்கம் வலி; அனுபவத்துல சொல்றேன். எலும்பு டாக்டரைப் பாருங்க.”

மேலாளரின் முகம் வெளிறியது. அடுத்தடுத்து மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், தபால்காரர் என்று வந்தார்கள். அதே குறை; அதே அறிவுரை.

ஒருநாள் நூற்கண்டை எடுக்கக் குனிந்தவர், நிமிர முடியாமல் மேசையடியிலேயே அமர்ந்துவிட்டார். மனைவி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

“இடுப்பு மூட்டுல குருத்தெலும்பு சுத்தமாத் தேஞ்சுபோச்சு. எலும்போட எலும்பு உரசுது,” என்றார் அறுவை மருத்துவர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி. “மாத்திரைக்கெல்லாம் இனி கேட்காது. தொடையெலும்போட தேஞ்ச பந்து முனையை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வைக்கணும். இப்படியே விட்டா மெஷின் முன்னால உட்காரவே முடியாது.”

வாழ்நாளெல்லாம் துணியை வெட்டியவருக்குத் தாம் வெட்டுப்படுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்.”

வெளியே வந்தவர் திகைத்தார். பெஞ்சில் வரிசையாக மேலாளர், மருந்துக்கடைக்காரர், வாத்தியார், தபால்காரர்!

“நீங்க சொன்னதுலேர்ந்து வலிக்கிற மாதிரியே இருக்குய்யா,” என்று முனகினார் மேலாளர்.

அரையங்குலத்துக்கு உயிர் வந்தது. மனைவியின் காதருகே, “பார்த்தியா? எல்லாருக்குமே இந்த வலி இருக்கு! தண்ணியில ஏதோ கோளாறு. காய்ச்சிக் குடிச்சாப் போதும். எனக்கு எதுக்குக் கத்தி?” என்றார்.

“அதே தண்ணியத்தானே நானும் குடிக்கிறேன்?” என்றாள் அவள், அலுப்புடன்.

எக்ஸ்ரே எடுப்பவர் கையில் படங்களோடு வந்தார்.

“நீங்க நாலு பேரும் வீட்டுக்குப் போகலாம். உங்க கால்கள் சரிசமமா இருக்கு. பேன்ட்தான் இடது பக்கம் அரையங்குலம் குட்டை. எல்லாம் ஒரே கடையில தச்சதா?” பிறகு அரையங்குலத்தின் பக்கம் திரும்பினார். “பெரியவரே, இடது காலே அரையங்குலம் குட்டையாகி, இடுப்பு சாஞ்சிருக்கிறது இன்னிக்கு உங்க ஒருத்தருக்குத்தான்.”

நான்கு பேரும் தத்தம் கால்களைப் பார்த்தார்கள். பிறகு தையற்காரரைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணெதிரே நிலைக்கண்ணாடி வந்து நின்றது. அதில் சாய்ந்த ஓர் இடுப்பு. அதன்மேல் வைத்துச் சரிபார்த்த ஓராண்டுத் துணி முழுவதும்.

மெல்ல நொண்டிச் சென்று மருத்துவரின் கதவைத் தட்டினார்.

“ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடுங்க, டாக்டர்.”