என் வீட்டுக்காரரின் எடையும் எங்கள் காரின் இழுப்பும்

கொஞ்சம் இயற்பியல் தெரிந்தவர்களிடம் பழைய காரைக் கொடுக்கவே கூடாது. நன்றாகத் தெரிந்தவர்கள் நேராக மெக்கானிக்கிடம் போய்விடுவார்கள். ஒன்றுமே தெரியாதவர்களும் அப்படித்தான். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் வீட்டில் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். தராசைத் துடைப்பது, ஊசலைக் கட்டித் தொங்கவிடுவது, மாணவர்கள் உடைத்த லென்ஸுக்குக் கணக்கெழுதுவது, இவைதான் என் வேலை. பதினைந்து வருடம் பேராசிரியர்கள் நடத்துவதை ஓரமாக நின்று கேட்டதில் எனக்கும் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. (யாரும் பரீட்சை வைக்காததால் அந்த நினைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.)

உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. என் கணவர் சார்லஸுக்குக் கார் ஓட்டப் பயம், பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு வயதில்லை, அதனால் நான்தான் ஓட்டுநர். வாங்கிய மூன்றாவது மாதம் கார் ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது. காலை எடுத்தால் சாதுவாக நேரே போனது. மறுபடி மிதித்தால் மறுபடி இடப்பக்கம்.

டயரில் காற்றுப் பார்த்தேன், சரியாக இருந்தது. முன் டயர்களை இடம் மாற்றிப் போடச் சொன்னேன், அப்படியும் இழுத்தது. வீல் அலைன்மென்ட் செய்யும் கடைக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. "வண்டி சூப்பரா இருக்குது மேடம், ரோடுதான் சரியில்ல" என்றார் கடைக்காரர். நான் ரோடு ரோடாக மாற்றி ஓட்டிப் பார்த்தேன். எல்லா ரோட்டிலும் இழுத்தது.

ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது தற்செயலாக இடப்பக்கம் திரும்பினேன். அங்கே சார்லஸ் உட்கார்ந்திருந்தார். எண்பத்து நான்கு கிலோ. கையில் ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னங்க, வண்டி இழுக்கறதுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டேன்."

"இன்னா காரணம்?"

"நீங்கதான்."

அவர் பஜ்ஜியை மெல்வதை நிறுத்தினார். நான் எடை, மையம், விசை என்று வீடு வரைக்கும் விளக்கினேன். (அலைன்மென்ட் கடையில் அவர் காரில் இல்லை, அதனால்தான் பச்சை காட்டியது என்பதையும் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டேன்.) நான் தனியாகக் கல்லூரிக்குப் போகும்போதும் கார் இழுக்கத்தான் செய்தது. அதற்கும் பதில் வைத்திருந்தேன்: அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கிவிட்டது.

அன்றிலிருந்து சார்லஸுக்குப் பின் சீட்டில் வலப்பக்கம்தான் இடம். சாயங்கால பஜ்ஜி நின்றது. ராத்திரிக்குக் கம்பங்கூழ். அவர் நல்ல மனுஷர், சண்டை போடவில்லை. "மெக்கானிக்க ஒரு தடவ கேட்டுப் பாரேன் நிர்மலா" என்று மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். "இன்னும் ரெண்டு கிலோ குறைங்க, அப்புறம் பாப்போம்" என்பேன். ஒரு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தார். காரின் இழுப்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி ஆல்பர்ட்டுக்கு இடம் அமைந்தது. பெண் ரெஜினாவை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா பிலோமினாதான் எல்லாம். அவர் இன்னும் முடிவாகச் சம்மதம் சொல்லவில்லை. "மாப்பிள்ள நல்லவருதான். வீட்டு மனுஷங்களயும் ஒரு தடவ பாத்துக்கறேன்" என்று சொல்லியனுப்பிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் வேலை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். நல்ல உயரம், நல்ல பருமன், கணீரென்ற குரல்.

சாப்பாடு நன்றாகவே முடிந்தது. அடுத்த ஞாயிறு எல்லாரும் எங்கள் காரிலேயே வேளாங்கண்ணிக்குப் போய் வரலாம், மாதாவிடம் வேண்டிக்கொண்டு அங்கேயே தேதி பேசலாம் என்று அவரே சொன்னார். ஆல்பர்ட் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. "வாங்க, வீட்டுல கொண்டுபோய் விடறோம்" என்று நான் சாவியை எடுத்தேன்.

விருந்தாளி ஆயிற்றே, பிலோமினா இயல்பாக முன் சீட்டில், இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கார் அந்தப் பக்கம் லேசாக அமுங்கியது. என் ஆய்வுக்கூட மூளை விழித்துக்கொண்டது.

"அம்மா, நீங்க பின்னாடி உக்காருங்களேன். வலது பக்கமா."

"ஏம்மா, இங்க வசதியாத்தான இருக்குது?"

இந்த இடத்தில் "வெயில் அடிக்கும்" என்று சொல்லியிருக்கலாம். ஏசி காற்று என்று சொல்லியிருக்கலாம். நான் உண்மையைச் சொன்னேன்.

"வண்டி இடது பக்கம் இழுக்குதும்மா. வெயிட்டு எல்லாம் வலது பக்கம் வந்தா சமமாயிடும். இவரையும் அதுக்காகத்தான் அங்க உக்கார வெக்கிறேன்."

ஆல்பர்ட் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. பிலோமினா இறங்கினார். பின்னால் போனார். வலப்பக்கக் கதவோரம் அவர், நடுவில் வலப்பக்கத்தை ஒட்டி சார்லஸ். ஒல்லியான ஆல்பர்ட் முன்னால், இடப்பக்கம்.

இப்போது கார் நேராகப் போயே ஆக வேண்டும். அதை நிரூபிக்கும் ஆசையில், தெருமுனை தாண்டியதும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன்.

கார் இடப்பக்கம் பாய்ந்தது. ஓரத்தில் நின்ற இளநீர் வண்டியை நோக்கிப் போனது. பிரேக்கை அழுத்தினேன். அடியில் எங்கோ 'டொக்' என்றது. கீழே கிடந்த இளநீர்க் குலை ஒன்றின் மேல் முன்சக்கரம் ஏறி நின்றது. இளநீர்க்காரர் சொன்னதை எழுத முடியாது.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, நாங்க ரெண்டு பேரு பத்தலியா? இன்னும் யாரையாவது ஏத்தலாமா?"

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். தம்பி இனி என்னோடு பேச மாட்டான் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

பிலோமினா என் தோளில் கை வைத்தார். "அழுவாதம்மா. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மிதிச்சா மட்டுந்தான இழுக்குது?"

"ஆமாம்மா."

"கால எடுத்தா நேரா போவுது. பிரேக் புடிச்சா 'டொக்'குனு சத்தம். இது எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

"புஷ்ஷு கிழிஞ்சிருக்கும்மா. சக்கரத்த புடிச்சிருக்கற ஆர்ம்ல ரப்பர் புஷ்ஷு இருக்குமே, அதான். நிக்கறப்ப எல்லாம் ஒழுங்கா காட்டும். மிதிச்சாதான் சக்கரம் எடம் மாறும். பத்தொம்பது வருஷமா அதத்தான் நான் கையில புடிச்சுப் பாத்துனு இருக்கறேன்."

சேதராப்பட்டில் அவர் வேலை செய்யும் இடம் வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையாம். அவர் அங்கே சோதனைப் பிரிவில். எங்களுக்கு இதையெல்லாம் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. (கேட்டிருந்தால் சார்லஸ் அந்த நான்கு கிலோவை இழந்திருக்க மாட்டார்.)

அவரே புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக் செல்வத்துக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் கடையைத் திறந்தார். நான் மாட்டுவண்டி வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு போனேன். செல்வம் காரைத் தூக்கி நிறுத்தி, இடது சக்கரத்தின் பின்னால் ஒரு கம்பியை நுழைத்து நெம்பினார். விழப்போகும் பல் மாதிரி அந்த ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. பிறகு டார்ச் அடித்து எதையோ உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, இங்க வந்து பாருங்க. புஷ்ஷு போய், ஆடி ஆடி போல்ட்டும் கழண்டுனு வந்திருக்குது. இன்னும் ரெண்டு மரைதான் புடிச்சினு நிக்குது. இதுலயா வேளாங்கண்ணி போறதா இருந்தீங்க?"

கடலூர் தாண்டி அந்த நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பேன். காரில் ஆறு பேர் இருந்திருப்போம், ரெஜினாவையும் என் மகளையும் சேர்த்து. அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா, உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ வெயிட்டுனு சொன்னது கோவந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா என்ன முன்னாடி உக்கார வெச்சு, வண்டி நல்லாருக்குதுன்னு பொய் சொல்லியிருந்தீன்னா, இன்னைக்கு இது தெரிஞ்சிருக்குமா? மனசுல இருக்கறத அப்படியே கொட்டற ஆளு. எம்பொண்ணு உங்க வீட்டுல இருந்துக்குவா."

ஆல்பர்ட் அங்கேயே, கிரீஸ் படிந்த தரையில், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வேளாங்கண்ணிக்கு ரயிலில் போனோம். நான் மாதாவிடம் எதையும் கேட்கவில்லை, நன்றி மட்டும்தான் சொன்னேன். அதில் பாதி பிலோமினா அத்தைக்கு.

கிழிந்த அந்தப் புஷ்ஷை அத்தை செல்வத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சேதராப்பட்டு கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க பிலோமினா மேடத்துக்கு சம்மந்தி வீடுதான? கல்யாண போட்டோல பாத்திருக்கறேன். புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் மேடம் மொதல்ல உங்க புஷ்ஷத்தான் கையில குடுப்பாங்க. 'இது கிழிஞ்சா இன்னா ஆவும்?'னு கேப்பாங்க."

"என்ன சொல்வீங்க?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "வீட்டுக்காரரு எளைச்சிடுவாரு மேடம்!"