கடை அறையைப் பெனிட்டோவுக்குக் கொடுக்காதீர்கள்

திருவொற்றியூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

பெருமதிப்பிற்குரிய மாமா அய்யாத்துரை அவர்களுக்கு,

மூத்த மருமகன் தீபன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் தங்கள் மகள் சுகிர்தமும் கிரைண்டரும் நலமாக இருக்கிறோம். உடன்குடியில் தங்கள் முழங்காலும் அத்தையின் இரத்தக் கொதிப்பும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். நான் மனம் விட்டுப் பேசத் தொடங்கும்போதெல்லாம் பின்னால் அத்தையும் அத்தையின் தங்கையும் பால்காரரும் இருமுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது. ஆகவே இதைத் தாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து படிக்கும்படி வேண்டுகிறேன்.

விஷயம் இங்கே தாங்கள் எங்களுக்கு விட்டுக்கொடுத்த கடை அறைதான். போன வாரம் போனில் சொன்னீர்கள்: "மாப்ள, அது நான் பலசரக்குக் கட நடத்தி ரெண்டு பிள்ளையளயும் கட்டிக்குடுத்த எடம் பாத்துக்கிடுங்க. அங்க நீங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீயன்னு ஊர்ல பேசுதாங்க. கிறிஸ்மஸுக்கு வருவேன். மாவுக் கட ஓடுனா நீங்களே வச்சுக்கிடுங்க. ஓடலன்னா சின்ன மாப்ள கேக்காரு, அவருக்குக் குடுத்துருதேன்." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், தோசைதான். இந்த வயதில் எனக்கு இனி எவனும் வேலை தரப்போவதில்லை. எனக்கு மிச்சமிருப்பது அந்த ஓர் அறை. அதைப் பெனிட்டோவுக்குக் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் காரணங்கள்.

தாங்கள் சிலவற்றை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் அந்த விளம்பர நிறுவனத்தில் நான் ஆர்ட் டைரக்டராக இருந்தபோது, இராயபுரத்திலிருந்து ஒரு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றவன் இந்தப் பெனிட்டோ. அவன் வரைந்த எழுத்துகளைப் பார்த்து, இவனிடம் கை இருக்கிறது என்று சொல்லி வேலைக்குச் சேர்த்தவன் நான். சுகிர்தம் ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்ப, அதைக் கொண்டு வந்த தங்கள் இளைய மகள் மகிமாவை அவன் பார்த்ததும் என் மேஜைக்கு முன்னால்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை என்னை "சார்" என்றவன், தாலி கட்டிய மறுநாள் காலை காப்பித் தம்ளரோடு வந்து "இன்னா சகல, தூங்குனியா" என்றான். ஒரே இரவில் நான் இழந்த பதவிகளில் அது முதலாவது.

பிறகு மந்தம் வந்தது. தொழில் படுத்தால் முதலில் விளம்பரத்தை நிறுத்துவார்கள், விளம்பரத்தில் முதலில் படம் வரைகிறவனை நிறுத்துவார்கள். சோப்புக்காரர் போனார், ஃபிளாட் கட்டுகிறவர் போனார், மிச்சமிருந்தவர்களும் படத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும் என்றார்கள். பெனிட்டோ இதை எப்படியோ முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டான். சம்பளத்தில் கை வைப்பதற்கு ஒரு மாதம் முன்பாகவே, "மீன் வறுக்கப் போறேன் சார்" என்று முதலாளியிடம் ராஜினாமாவை நீட்டினான். கேக் வெட்டினார்கள். முதலாளி கட்டிப்பிடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முட்டாள் என்று நினைத்துக்கொண்டே நானும் தட்டினேன். அடுத்த மாதம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தீபன், சிலரை அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க ஒரு நன்றி அட்டை வேண்டும். கண்ணியமாக இருக்க வேண்டும். உங்களால்தான் முடியும்" என்றார். நானும் உயிரைக் கொடுத்துச் செய்தேன். சந்தன நிறத் தாள். வலது ஓரத்தில் கீழே உதிர்ந்த, ஆனால் வாடாத ஓர் இலை. பார்த்தவர்கள் உருகினார்கள். வெள்ளிக்கிழமை அதில் முதல் அட்டையை எனக்குக் கொடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் மாமா. என் பெயரை வேறு ஏதோ எழுத்துருவில், இலையின் மேலேயே ஏற்றி அச்சடித்திருந்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆக, இரண்டு மருமகன்களும் ஒரே தொழிலை, ஒரே மந்தத்தில் விட்டோம். அவன் விட்டதற்குத் துணிச்சல் என்று பெயர். நான் விட்டதற்கு ஐயோ பாவம் என்று பெயர். இந்த ஆண்டு ஊர்க் கோயில் அசனப் பண்டிகை விருந்தில் தாங்களே பாதிரி ஐயரிடம் அவனை, "இவரு சின்ன மாப்ள, மெட்ராஸ்ல தொழிலதிபர், ரெண்டு கட" என்று அறிமுகப்படுத்தினீர்கள். அடுத்து என் பக்கம் திரும்பி, "இவரு பெரியவரு" என்று சொல்லிக் கொஞ்சம் யோசித்து, "லீவுல வந்திருக்காரு" என்றீர்கள். அப்போது நான் கறிக்குழம்பு வாளியோடு பந்தியில் நின்றிருந்தேன். அந்தப் பண்டிகை பேனரை வருடா வருடம் இலவசமாக வரைந்து கொடுத்தவன் நான். இந்த ஆண்டு பேனர் பெனிட்டோவின் உபயம் என்று அதிலேயே அவன் படத்தோடு போட்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். மாவு ஆட்டுவது சுகிர்தம், விற்பது நான் என்று ஏற்பாடு. போர்டை நான் வரைந்தேன். அதுவரை ஊரான் சோப்புக்கும் ஃபிளாட்டுக்கும் வரைந்தவன், முதல்முறையாக எனக்காக வரைந்தேன். சுத்த வெள்ளைப் பலகை. நடுவில் சாம்பல் நிறத்தில், சின்னதாக, "பதம்" என்று ஒரே சொல். சுற்றிலும் வெற்றிடம். உள்ளே வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, ஒரே ஒரு விளக்கு. ரசனை உள்ளவன் அதைப் பார்த்தால் நின்று ஒரு மூச்சு விடுவான். இங்கே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "டாக்டர் எப்ப வருவாரு" என்றார்கள்.

முதல் நாள் எதிரே மீன் விற்கும் கோவிந்தம்மா வீங்கிய கன்னத்தோடு வந்து, "நைனா, பல்லு புடுங்க எவ்ளோ வாங்குற" என்றது. மாவு என்றேன். "மாவ வெச்சு அடைப்பியா?" மறுநாள் ஒரு பெண் பேப்பரில் சுற்றிய பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிப் போனாள். நல்லெண்ணெய் என்று நினைத்து சுகிர்தம் அதை அடுப்படிக்கே எடுத்துப் போய்விட்டாள். அவள் மூடியைத் திறக்குமுன் ஆண்டவர் கண்ணைத் திறந்தார். அதற்கடுத்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாமோதரன் என்பவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். "நைட்லேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நைனா. சீக்கிரம் ரத்தம் எட்த்து வுட்ரு."

"ஐயா, இது மாவுக் கடை."

"அப்பறம் இன்னாத்துக்கு வெறும் வயித்துல வர சொன்ன?"

"நான் சொல்லவில்லையே ஐயா."

"இந்த மாரி எடத்துக்கு வெறும் வயித்துலதான வரணும்? தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டு மயங்கி உட்கார்ந்துவிட்டார். சுகிர்தம் பதறிப் போய்த் தோசை வார்த்துக் கொடுத்தாள். கெட்டிச் சட்னியோடு ஒரு கட்டு கட்டினார். தெம்பு வந்ததும் நேரே அசல் பரிசோதனை நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். மறுநாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே பார்க்க என்னோடு சண்டை. "உன் தோசையாலதான்யா சுகரு ஏறிப்போச்சு. பேஜாரு புடிச்ச கடை." இதையெல்லாம் பார்த்தவர்கள் எப்படி மாமா மாவு வாங்க வருவார்கள்? விற்காத மாவு சாயங்காலம் புளித்துவிடுகிறது. புளித்ததை நாங்கள் சாப்பிடுகிறோம். இன்று என் உடம்பில் ஓடுவது பாதி உளுந்து.

பெனிட்டோ ஒருநாள் காரில் வந்து இறங்கினான். காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்குப் போய் வந்த மீன் வாசனை, அதற்கு மேலே அடித்த சென்ட் வாசனை. "இன்னா சகல, கடை எப்ப தொறக்கற?"

"திறந்து இரண்டு வாரமாகிறது."

"அய்ய, இதுவா? ஏ.டி.எம். இன்னு நெனச்சு கார்டு எட்த்துகினு வந்துட்டேன்."

வெற்றிடத்தின் மகிமையை அவனுக்கு விளக்கினேன். என்னிடம் கற்றவன்தானே. "எடம்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இங்க காலியா வுட்டா, வாடகைக்கு வுட்டுகீறாங்கன்னு போன் நம்பர் தேடுவாங்க சகல" என்றான். போகும்போது தெருவின் அந்தப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, என் போர்டை வெகுநேரம் அளந்து பார்த்தான். ஆபீசில் நான் சொல்லிக்கொடுத்த வித்தை அது. என்னைக் கேலி செய்ய அதையே பயன்படுத்துகிறான்.

அடுத்த வாரம் கடையை மகிமாவிடம் விட்டுவிட்டுப் பெரம்பூரில் ஒரு துக்கத்துக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் என் போர்டைக் காணவில்லை. அதை மூடிக்கொண்டு ஒரு மஞ்சள் பேனர் தொங்குகிறது. எங்கள் தெருவில் அன்று சூரியன் அஸ்தமிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எழுத்து, அதைச் சுற்றி நீலக் கோடு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, இவ்வளவு போதாதென்று ஒரு நிழல். இட்லிகள் ஆவி பறக்க ஆகாயத்தில் போகின்றன. நடுவில் என் முகம். மகிமா எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்தது. லட்டு ஊட்டும்போது வாயைத் திறந்திருக்கிறேன். ஊட்டிய கை யாருடையது என்று தெரியாமல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் "சுடச்சுட மாவு". மாவை எவன் மாமா சுடச்சுட விற்பான்?

ஆனால் விற்றிருந்தது. மகிமா கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விற்றுவிட்டு, காலிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். பக்கத்தில் பெனிட்டோ கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அசன பேனரில் சிரித்த அதே சிரிப்பு.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேனரைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் கையில் தூக்குச் சட்டியோடு ஓர் அம்மா வந்து எங்கள் வாசலிலேயே நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தது. "இங்க ஒரு மாவுக் கடை இருந்துச்சே, காலி பண்ணிகினு போய்ட்டானா?"

"இதுதான் அம்மா."

நிமிர்ந்து போர்டைப் பார்த்தது. "போய்யா. இது ஸ்கேன் சென்டரு." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ பேனர்ல வாயத் தொறந்துகினு இருந்த ஆளாச்சே. பாவம், கடை பூட்டுச்சுன்னு இங்க வேலைக்கு சேந்துட்டியா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மாமா, ஒளிக்காமல் சொல்கிறேன். கடை ஓடவில்லை. ஆனால் ஓடும். நல்லதைப் பார்த்துப் பழக ஜனங்களுக்குக் கொஞ்சம் காலம் ஆகும். ஈஸ்டர் வரை தாருங்கள். அவனுக்கு இரண்டு கடை இருக்கிறது, கார் இருக்கிறது, தங்கள் வாயால் தொழிலதிபர் என்ற பட்டமும் இருக்கிறது. மூன்றாவதாக இதையும் கேட்கிறான். பொறாமையா என்றால் பொறாமைதான். அவன் காரைப் பார்த்து எனக்கு அவ்வளவாக இல்லை. விடிகாலையில் மீன் நாற்றத்துக்கு நடுவே போய் நிற்கிறானே, அதைப் பார்த்துத்தான். அவனுக்குக் காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இந்த அறையை விட்டால் போக இடம் இல்லை. வேலை போன பிறகு பல நாள் சட்டை போட்டு, தலை வாரி, வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சுகிர்தத்துக்குத் தெரியும். தங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கும் என் கடைக்கும் ஒரே ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறேன், இரண்டும் எழுந்து நடக்கட்டும். தங்கள் ஆசீர்வாதத்தை மூத்தவனுக்கே முதலில் தரும்படி கேட்டு,

பணிவுள்ள மூத்த மருமகன்,
தீபன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சுகிர்தம் பிடுங்கிப் படித்துவிட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஓர் இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அப்பாட்ட வெள்ளிக்கிழமையே பேசியாச்சு. ரூம் எனக்கு. மாவு ஆட்டுறது நீங்களா, பெனிட்டோவா?" என்றாள். தாங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். மாமா, மருமகன்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. செய்தி கேட்டு ஓடிவந்த பெனிட்டோவும் என்னைப் போலவே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அறை மீன் வறுக்க இல்லையாம். ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு மறுபடி எழுத்து வரைய வேண்டுமாம். "உன் போர்ட பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கல சகல. அந்த மாரி எனக்கு ஒண்ணு அமையலியேன்னு வயிறு எரிஞ்சுகினே கீது" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜம்தான். அட்டை வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததில்லை. புதுப் போர்டை இரண்டு பேரும் சேர்ந்து வரைய வேண்டும், பிடிக்காவிட்டால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவேன் என்று சுகிர்தம் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் என்று முடிவாகிவிட்டது. எந்த மஞ்சள் என்பதில் சாப்பிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை அவன் ஏலத்தை முடித்துவிட்டு நேரே கடைக்கு வருகிறானாம். அவனுக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் வந்தவன் நான்தான் என்று தங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.