மஃப்ளர் கட்டிக்கொண்டு கொடுத்த பேட்டி

மைதானத்தில் ஊரே கூடி நின்று பார்த்தாலும் தரையில் விழுந்து புரளக் கூச்சப்படாதவன் நான். ஆனால் ஒரே ஒரு மைக்கை வாய்க்கு நேரே நீட்டினால் போதும், எழுந்து ஓடத்தான் தோன்றும். இதை இப்போது வெளியே சொல்கிறேன் என்றால், வயசாகிவிட்டது, இனிமேல் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டைப் பக்கம் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அது பேருக்கு. கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது வாலிபால் ஆடுவதற்கு. காலையில் பிராக்டிஸ், சாயங்காலம் பிராக்டிஸ், நடுவில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து தூக்கம். எதிர் அணி ஓங்கி அடிக்கிற பந்து தரையைத் தொடுவதற்குள் பாய்ந்து எடுப்பது என் வேலை. போதாததற்கு கேப்டன் வேறு. (மற்றவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுங்கியதால் தேடி வந்த பதவி.)

முந்தின வருஷம் ஒரு போட்டியில் தோற்றோம். வியர்வைகூடக் காயவில்லை, பெரிய மீசையும் ஜோல்னாப் பையுமாக ஒரு நிருபர் வந்து, “கடைசிப் பந்தை நீங்க விட்டதாலதான் தோத்தீங்கன்னு பேசிக்கிறாங்களே?” என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் திரும்பி நடந்துவிட்டேன். மறுநாள் பேப்பரில் ‘கேப்டனின் தலைக்கனம்’ என்று தலைப்பு.

அதிலிருந்து பிடித்தது. மேட்ச் என்றால் பயமில்லை. மேட்ச் முடிந்தபின் வரப்போகும் கேள்விகளை நினைத்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் போய்விடும். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். கோச் வயிற்றில் பூச்சி என்றார். மேற்குத் தாம்பரம் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்தார். மனசுக்கு என்று ஒரு டாக்டரிடம் போகலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட டாக்டர் இருக்கிற தெருவில் நடந்து போனாலே கல்யாணம் தட்டிப் போகும்.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் புது விதி போட்டார்கள். போட்டி முடிந்ததும் கேப்டன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். பப்ளிசிட்டி ஆபீசர் சம்பந்தம் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பேட்டி குடுக்கலன்னா உனக்கு கன்ஃபர்மேஷன் கெடையாது தம்பி. பந்து எடுக்க ஆயிரம் பேர் இருக்கான். கம்பெனி பேரை நாலு பேருக்குச் சொல்லத்தான் உன்னை வெச்சிருக்கோம்.”

அப்பா ரிடையராகி வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு. நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

என் கூட ஆடிய ஆரோக்கியராஜ் முடிச்சூர்க்காரன். நான் எடுத்துக் கொடுக்கும் பந்தை அடிப்பவனுக்கு வாகாகத் தூக்கிப் போடுவது அவன் வேலை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். “இன்னா மச்சான், இதுக்குப் போயி பேஜாராயிகினு கீற? ஃபைனல்ல கத்திக் கத்தித் தொண்ட பூட்ச்சுன்னு சொல்லிடு. கழுத்துல ஒரு மஃப்ளர சுத்திக்கோ. மீதிய நான் பாத்துக்கறேன்.”

எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். நானும் அதை நம்பினேன் என்பதுதான் விஷயம்.

ஃபைனலில் ஜெயித்தோம். மறுநாள் காலை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேட்டி. மேடையில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, வரிசையாக மைக், தட்டு தட்டாக போண்டா, சட்னி. பின்னால் தெர்மாகோலில் வெட்டிய கம்பெனி பெயர். பம்மல், பொழிச்சலூர் வரைக்கும் காட்டுவதற்கு உள்ளூர் கேபிள்காரர் கேமராவோடு வந்திருந்தார். நான் அப்பாவின் பழுப்பு மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன். மார்கழி மாதம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. (லேசாகப் பனி விழுந்தால் தாம்பரத்தில் பாதிப் பேர் இமயமலை ஏறப் போகிறவர்கள் மாதிரிதான் பால் வாங்கப் போவார்கள்.)

“என்னய்யா இது?” என்றார் சம்பந்தம் சார். நான் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தேன்.

“டாக்டர் பேசவே கூடாதுன்ட்டாரு சார். மீறிப் பேசுனா கொரலே பூடுமாம்” என்றான் ஆரோக்கியராஜ்.

சம்பந்தம் சார் பல்லைக் கடித்தார். “உக்காந்து தலையாவது ஆட்டு. மத்ததை அப்பறம் பேசிக்கறேன்.”

முதல் வரிசையில் அதே மீசை நிருபர். அவர் கேள்வி கேட்டார், நான் தலையாட்டினேன், ஆரோக்கியராஜ் பேசினான். “எங்க வூட்லயும் இந்தக் கம்பெனி பம்புதான் சார் கீது, தண்ணி இன்னாமா ஊத்துது தெரியுமா!” என்று அளந்தான். (அவன் வீட்டில் இருந்தது தெருக் குழாய்.) ரொம்ப நாளைக்கு அப்புறம் என் கை நடுங்கவில்லை. சொல்லப் போனால் ஒரு போண்டாகூட எடுத்துக் கடித்தேன்.

அங்கேதான் சம்பந்தம் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. கம்பெனி பெயர் அச்சடித்த புதுப் பந்தை, மேடை நடுவில் உட்கார்ந்திருந்த கம்பெனி எம்.டி. கையில் கொடுத்து, “சும்மா மேல தூக்கிப் போடுங்க சார், போட்டோவுக்கு” என்றார். எம்.டி. தங்கமான மனுஷர். பந்தைத் தொட்டுப் பழக்கமில்லாதவர். அவர் மேலே போட்ட பந்து பக்கவாட்டில் போய், மேஜையின் அந்தக் கோடியைத் தாண்டித் தரையை நோக்கி இறங்கியது.

வாலிபாலில் ஒரு பழக்கம் உண்டு. பந்தை எடுக்கப் போகிறவன், மற்றவர்கள் வந்து மோதாமல் இருக்க, ‘மைன்’, அதாவது ‘என் பந்து’, என்று கத்த வேண்டும். பத்து வருஷமாகக் கத்திய வாய்.

“மைன்! மைன்!” என்று மண்டபம் அதிர ஒரு குரல். யாருடைய குரல் என்று நானே ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மேஜை மேல் குப்புறப் பாய்ந்திருந்தேன். விரிப்போடு சேர்ந்து நானும் மைக்குகளும் போண்டாக்களும் அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போனோம். சட்னிக் கிண்ணம் எழும்பி எம்.டி.யின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஆனால் பந்தை எடுத்துவிட்டேன். அது அழகாக உயர்ந்தது. உயர்ந்த பந்தைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் சும்மா இருப்பானா, இரண்டு கையாலும் வாகாகத் தூக்கிக் கொடுத்தான். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஆறடி ஸ்மாஷர் எழுந்து குதித்து ஒரே அடி. கம்பெனியின் பெயர் தெர்மாகோல் தூளாகச் சம்பந்தம் சார் தலையில் கொட்டியது.

கேபிள்காரரின் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. மீசை நிருபர் நிதானமாக எழுந்தார். “தொண்டை சரியாயிடுச்சா சார்?”

மண்டபமே சிரித்தது. நான் மேஜை மேல் கவிழ்ந்தபடி கிடந்தேன். ஒரு மைக் என் வாயருகே உருண்டு வந்து நின்றிருந்தது. வேலை போய்விட்டது, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல சார். பயம். பேட்டின்னா தூக்கம் வரமாட்டேங்குது, கை நடுங்குது. போன வருஷம் நான் தலைக்கனத்துல போகல. அழுகை வந்துடும்னு போனேன்.”

சிரிப்பு நின்றது. மீசைக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “தலைப்பு நான் வைக்கலீங்க, ஆபீஸ்ல வேற ஆள்” என்று முணுமுணுத்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, “கேள்வி நான் கேட்டதுதான். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். அவர் அப்படிச் சொன்னதும், போன வருஷம் வராத அழுகை அன்று வந்துவிட்டது. சட்னி அப்பிய மஃப்ளராலேயே துடைத்துக்கொண்டேன். கண் எரிந்தது வேறு விஷயம்.

எம்.டி. கர்சீப்பால் சட்டையைத் தேய்த்தபடி, “சம்பந்தம், பயப்படற பையனை எதுக்குய்யா கட்டாயப்படுத்தினீங்க?” என்றார்.

“ஆர்டர்ல நீங்கதான் சார் கையெழுத்து போட்டீங்க.”

“படிக்காம போட்டிருப்பேன்.”

வேலை போகவில்லை. கன்ஃபர்மேஷன் மட்டும் கொஞ்சம் இழுத்தடித்து வந்தது. அதன்பின் பேட்டி என்றால் ஆரோக்கியராஜும் பக்கத்தில் உட்காரலாம் என்றார்கள். பயம் முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் ஆள் இருந்ததால் தாங்க முடிந்தது, அவ்வளவுதான். கேபிள்காரர் அந்தப் பாய்ச்சலைப் பொங்கல் வரைக்கும் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி வீட்டார் என்னைப் பார்க்காமலே சம்மதித்தது அதைப் பார்த்துத்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமனார் கேட்கிற முதல் கேள்வி, “மாப்ளே, தொண்டை சரியாயிடுச்சா?”

எங்கள் வீட்டில் அந்த நடுக்கத்துக்கு மஃப்ளர் என்றே பெயராகிவிட்டது. என் மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒருநாள் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் பேச வேண்டுமாம். “அப்பா, மஃப்ளர்” என்றாள்.

“இரு, வரேன்.”

“வந்து என்னப்பா பண்ணுவீங்க?”

“சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, விசிட்டர் பாஸுக்காக ஒரு சின்ன கேமராவைக் காட்டி, “இதைப் பாத்து உங்க பேரு, யாரைப் பாக்க வந்தீங்கன்னு சொல்லுங்க சார்” என்றார். கேமராவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

கடைசியில் மகளே கீழே இறங்கி வந்தாள். என் நிலையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க அப்பாதான், வாலிபால் பிளேயர்” என்று எனக்குப் பதிலாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் ரிசப்ஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, மேலே போய் நன்றாகவே பேசிவிட்டு வந்தாள். அந்த பாஸில், கண்கள் பிதுங்க, கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிற படம் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.