பலாப்பால் பூசிய கேபிள்

“இப்பத் தெரியுதா?” என்று ஓட்டின் மேலிருந்து கேட்டான் காளியண்ணன்.

“கட்டங் கட்டமா நிக்குதுங்க” என்றாள் உள்ளேயிருந்து அவன் மனைவி கவிதா.

அவள் பதினொரு மணிக்கு டிவியில் வரப்போகிறாள். இரவல் பட்டுச்சேலை கட்டி, சேலம் வரை போய், சாமைப் பாயசம் செய்து காட்டிய நிகழ்ச்சி. சோளக்காடு சந்தையில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இன்றைக்கென்று பார்த்து, மூன்று நாள் மழையில் கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கேபிள்காரர் வர வேண்டிய கொண்டை ஊசி வளைவிலோ மரம் விழுந்து கிடந்தது.

“நானிருக்கேன்” என்று காளியண்ணன் சொன்னபோது அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்கு இருபது வருட அனுபவம்.

மேலே விடாத தூறல், நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். தடவித் தடவி இணைப்பைப் பிடித்து, துடைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினான். கீழே படம் போய்க் குரல் மட்டும் வந்தது.

டேப்பெல்லாம் மலைக்குக் கீழே, கீழ்நாட்டு மழைக்குத்தான் சரி என்று முடிவு கட்டினான். ஓட்டைக் குடத்தையே அடைக்கிற பலாப்பால் எதற்கு இருக்கிறது? இறங்கிப்போய், குச்சியில் உருட்டி வைத்திருந்ததை அடுப்பில் காட்டி இளக்கி, மறுபடி ஏறி அப்பினான். பிசுபிசுத்த கையோடு மீசையைத் தடவியதுதான் தப்பு. கீழே குரலும் நின்றது.

“ஏனுங்க, எறங்கி வாங்க. விழுந்து வெச்சீங்கன்னா பாயசத்த ஆசுபத்திரிக்குத்தான் கொண்டாரோணும்.”

அவன் இறங்கவில்லை. அவளுக்கென்று அவன் செய்த எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. அவளும் ஒருநாள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதை நினைத்தால் எப்படி இறங்குவது? கையோடு எடுத்து வந்திருந்த சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, கூரை வேய்வதுபோல் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏற இறுக்கிச் சுற்றினான். சொட்டு நீர் நுழையாது.

உள்ளே திரையே கறுத்துவிட்டது.

பதினொன்றே காலுக்கு, பனி விலகத் தொடங்கியபோது, மீசை ஒட்டிய முகத்தோடு வந்து நின்றான். “கெடுத்துப்போட்டேன் கண்ணு.”

கவிதா தேங்காய் எண்ணெயைத் தொட்டு அவன் மீசையை நீவினாள். “ஒரு மணி நேரம் மழையில நனைஞ்சீங்களே, அது போதுமுங்க. பாயசத்துக்காக எவ ஊட்டுக்காரன் ஓட்டு மேல ஏறுறான்?”

அவன் சிரிக்கப் பார்த்தான். ஒட்டிய மீசை விடவில்லை.

அப்போது கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“வெரசா எங்கூட்டுக்கு வாங்க சாமி, கவிதா இப்பத்தான் வெல்லம் போடறா, உங்க ஓட்டு மேல போற எங்க கேபிளுக்கு எந்தப் புண்ணியவானோ டியூபு சுத்தி வெச்சிருக்கான், மூணு நாளாச் செத்துக் கெடந்த டிவி கண்ணாடியாட்டம் தெரியுது.”