மிச்சமிருந்த நாலு சீட்டு

எண்ணுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்ணி முடித்துவிட்டால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். மண்டபத்தில் பதினெட்டு மின்விசிறிகள், அதில் ஓடாதவை மூன்று, பந்தியில் என்னை முந்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். (மணப்பெண்ணின் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன்.)

என்னை இப்படி ஆக்கியது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்ஸ்பெக்டர் என்பார்கள். (போலீஸ் இல்லை. என் மாமியார் கடைசிவரை போலீஸ் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை. திருத்தாமல் விடுவது எனக்குப் பழைய வியாதி என்பது இந்தக் கட்டுரையில் பின்னால் தெரியவரும்.)

கம்பெனியில் எனக்கு ஒரு விதி இருந்தது. மிஷின் ஓட்டுகிறவன் டிரேயிலிருந்து நல்ல பீஸாகப் பார்த்துப் பார்த்து முதலில் எடுப்பான். மணல் ஓட்டை, விரிசல், கோணல் என்று சந்தேகம் வந்ததையெல்லாம் அடியில் தள்ளிவிடுவான். ஆகவே டிரேயில் கடைசியாக மிஞ்சுகிற பீஸை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தேறாது. விதி நல்ல விதிதான். நான் அதை பிரேக் டிரம்மோடு நிறுத்தியிருக்க வேண்டும். சாயங்கால மார்க்கெட்டில் மிஞ்சிய கத்தரிக்காய், பஸ்ஸில் மிஞ்சிய ஜன்னலோர சீட்டு (யாரோ வாந்தி எடுத்திருப்பார்கள்), கடையில் மிஞ்சிய தீபாவளிச் சட்டை என்று உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனேன். கடைசியில் என் மகளின் படிப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

மகள் லாவண்யா. இரண்டு பையன்களும் மீசை வளர்க்கத் தொடங்கிய பிறகு, தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலத்தில் எங்களுக்குப் பிறந்தவள். டாக்டராக வேண்டும் என்று நீட் எழுதினாள், மதிப்பெண் போதவில்லை. அவள் தோழிகள் ஒவ்வொருவராக ஏதேதோ கல்லூரிகளில் சேர்ந்து, புதுப் பை மாட்டிக்கொண்டு எங்கள் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலேறிப் போனார்கள். இவள் அந்த நேரம் பார்த்து ஜன்னல் கதவைச் சாத்திக்கொள்வாள். பெரிய மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "வருசம் வேஸ்டா போவுது. எதுனா தபால்ல படிக்கட்டும். அப்டியே மாப்ள பாக்க ஆரம்பிச்சிடலாம் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்பதுதான் வழக்கம். மகன் போன பிறகு லாவண்யா சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வேப்பம்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகவேண்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகம். (பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.) பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன, நேரில் வருகிறவர்களுக்கு அன்றைக்கே சேர்க்கை என்று போட்டிருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

"நைனா, டாக்டரு பாக்குறதுக்கு முன்னாடி வியாதிய யாரு பாக்குறாங்க சொல்லு? ரத்தத்த எடுத்து, சதைய சீவி, இன்னா ஆயிருக்குன்னு சொல்றாங்களே, அவங்க படிக்கிறதுதான் இது. நீ கம்பெனில பீஸ அறுத்து உள்ள ஓட்ட கீதான்னு பாத்தியே, அதே வேலதான். மனுசனுக்கு."

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. நான் கேட்டது இதுதான்:

"அவ்ளோ நல்ல படிப்புன்னா இன்னாத்துக்கு இன்னும் மிஞ்சிக்கினு கீது?"

என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புள்ள ஆசப்பட்டு கேக்குது. கூட போயி கையெழுத்து போட்டுட்டு, வாய மூடிக்கினு வா. பேஜாரு பண்ணாத."

போனேன். வாயை மட்டும் மூடவில்லை.

அன்று நான் கிளம்பிய கோலத்தை முதலில் சொல்ல வேண்டும். முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, காலில் கம்பெனி கொடுத்த இரும்பு மூக்கு ஷூ. (ஓய்வு பெற்றும் விடவில்லை. கடினமான இடத்துக்குப் போகும்போது அதைத்தான் போடுவேன்.) தோளில் ஒரு பை. லாவண்யாவின் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் அந்தப் பையில். "நான் வெச்சிக்கறேன் நைனா" என்றாள். தொலைத்துவிடுவாய் என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினேன்.

பல்கலைக்கழகத்தின் கேட்டைப் பார்த்ததும் என் கை தானாக வேலை செய்தது. எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே ஃபோனை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வாழ்நாளில் பாதியை அப்படிக் கழித்தவன் நான். நேரே போய் ஃபோனை வாட்ச்மேன் கையில் வைத்து, பையைத் திறந்து காட்டி, சோதனை போட வசதியாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"பெர்சு, இன்னாத்துக்கு எங்கைல குடுக்குற?" என்றார் வாட்ச்மேன்.

"டோக்கன்?" என்றேன்.

லாவண்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் எனக்குப் பின்னால் வந்த ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர், இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று தன் ஃபோனையும் எடுத்து நீட்டிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. வாட்ச்மேன் என்ன செய்வார் பாவம், தொப்பியைக் கழற்றி அதில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

உள்ளே ஒரு கூடம். இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் இவளைப் போலவே எங்கும் இடம் கிடைக்காமல் வந்த பிள்ளைகள். ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் பயோமெடிக்கல் சயின்ஸ் என்பதற்கு எதிரே 4 என்று எழுதியிருந்தது. லாவண்யாவுக்கு ஒன்பதாவது டோக்கன். உள்ளே இரண்டாவது ஆள் போயிருந்தார்.

"நேரம் கீது. நான் ஒரு ரவுண்டு போய் பாத்துட்டு வரேன்."

"நைனா, வேணாம். இங்கியே குந்து."

"சரக்க பாக்காம கையெழுத்து போடுவாங்களா?"

மாடியில் ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. மைக்ராஸ்கோப் பதினான்கு. ஒன்றில் லென்ஸ் லொடலொடவென்று ஆடியது. குழாய் ஆறு, சொட்டுவது ஒன்று. தீயணைப்பான் இரண்டு. நான் குனிந்து அதன் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் பதறியபடி வந்தார்.

"சார்... இன்ஸ்பெக்‌ஷனா?"

"ஆமா" என்றேன்.

சத்தியமாக அப்போது நான் பொய் சொல்லவில்லை. அந்த வாரம் ஏதோ ஒரு குழு வருவதாக அவர்கள் காத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் துறைத்தலைவர் அம்மாவே வந்து வணக்கம் சொல்லி, தன் அறைக்கு அழைத்துப்போய், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, டீயும் முந்திரி பிஸ்கட்டும் வரவழைத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை வேறு யாரோ என்று நினைக்கிறார்கள். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. அந்த நாற்காலி மிகவும் மெத்தென்று இருந்தது. தட்டில் ஆறு பிஸ்கட். (நான்கைத் தின்றேன்.) இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

"பயோமெடிக்கல்ல நாலு எடம் மிச்சம் இருக்கே, ஏன்?" என்று காலை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

"மிச்சம் இல்ல சார்" என்றார் அந்த அம்மா பணிவாக. "எல்லா இடமும் முதல்லயே ஃபில் ஆயிடுச்சு. அப்புறமா மெடிக்கல் சீட் கெடச்ச பசங்க நாலு பேர் போயிட்டாங்க. அவங்க விட்ட இடம்தான் இது."

நல்ல பதில். நேர்மையான பதில். நான் அதற்குமேல் வாயைத் திறந்திருக்கவே கூடாது. ஆனால் கையில் நான்காவது பிஸ்கட் இருந்தது.

"இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும் மேடம். என் அனுபவத்துல சொல்றேன். கடைசில மிஞ்சுறது ரிஜெக்‌ஷன் பீஸுதான். நல்லது இருந்தா எவனாவது முன்னாடியே எடுத்துனு போயிருப்பானே! சீட்டா இருந்தாலும் சரி, அந்த சீட்டுக்கு இப்ப வந்து கீழ குந்தியிருக்குற பசங்களா இருந்தாலும் சரி..."

அந்த அம்மாவின் கண்கள் எனக்குப் பின்னால் போயின. நான் திரும்பினேன். கதவருகே லாவண்யா நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"நைனா, ஃபைல குடு. டோக்கன் கூப்ட்டு முடிச்சிட்டாங்க. சர்டிபிகேட் இல்லன்னு என்ன தாண்டி போயிட்டாங்க. ஃபோன் பண்ணா வாட்ச்மேன் எடுக்குறாரு."

துறைத்தலைவர் குழம்பிப்போனார். "நீ யாரும்மா?"

லாவண்யா என்னைப் பார்த்தாள். தட்டையும் பார்த்தாள்.

"மிஞ்சின பீஸு மேடம். கீழ இருந்து வரேன்."

பிஸ்கட் என் தொண்டையில் நின்றுவிட்டது. "சார், நீங்க எந்த கமிட்டி?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். வேறு ஒன்றும் தோன்றாமல், "கும்மிடிப்பூண்டி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

கீழே வந்தோம். தவறவிட்ட டோக்கனை எல்லோருக்கும் பிறகுதான் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். பையை என் தோளிலிருந்து வாங்கி அந்த நாற்காலியில் வைத்துவிட்டாள்.

நின்றுகொண்டே பலகையைப் பார்த்தேன். ஒரு பையன் உள்ளே போய் வந்தான். யாரோ வந்து 4ஐ அழித்து 3 என்று எழுதினார்கள். அடுத்த இருவர் வேறு படிப்பு எடுத்தார்கள், அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகு ஒரு பெண் போனாள். 2. ஆர்.கே.பேட்டைக்காரரின் மகன் போனான். அவரும் என்னைப்போலவே ஃபோன் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பலகையில் 1.

இன்னும் ஐந்து பேர் பாக்கி இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க மிஞ்சியதைத் தூக்கி எறிந்தவன், சுவரில் சாய்ந்து நின்று, அந்த ஒன்று மிஞ்ச வேண்டும், மிஞ்ச வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். தெரிந்த சாமிகள் தீர்ந்துபோய், சரோஜா கும்பிடுகிறவற்றிலும் சிலதைக் கூப்பிட்டேன். ஐந்தாவது பையன் உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. வெளியே வந்ததும் அவன் அப்பாவிடம், "கம்ப்யூட்டர் எடுத்துக்கினேன்பா" என்றான். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். பையன் பயந்துவிட்டான்.

அந்த ஒரு இடத்தில் லாவண்யா சேர்ந்தாள். கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். படிவத்தில் எத்தனை பக்கம் என்றுகூட எண்ணாமல் போட்டேன்.

திரும்பும்போது கேட்டில் வாட்ச்மேன் தொப்பியை நீட்டினார். "ஒம்போது ஃபோன் கீது. உன்னுது எது, பாத்து எட்து. உன் ஊட்டுக்காரம்மா கூப்ட்டாங்க. டீ எட்துனு போன பையன் சொன்னத வெச்சி, பெர்சு உள்ள இன்ஸ்பெக்‌ஷன்ல கீறாரு, மேடம் ரூம்ல டீ குட்சிக்கினு கீறாருன்னு சொல்லிட்டேன்."

ஆக, நாங்கள் வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் சரோஜாவுக்கும், அவள் மூலம் இரண்டு மகன்களுக்கும், இரண்டு மருமகள்களுக்கும் செய்தி போய்விட்டது.

ரயிலில் லாவண்யா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆவடி போயிற்று, அம்பத்தூர் போயிற்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பேன், ஸ்டேஷன் வந்துவிடும், மூடிக்கொள்வேன். பெரம்பூர் தாண்டியதும் அவளே கேட்டாள்.

"மைக்ராஸ்கோப் எத்தினி?"

"பதினாலு" என்றேன். "ஒண்ணுல லென்ஸ் ஆடுது."

"சரி. அதுல நான் குந்திக்கறேன்."

அது கிண்டலா, சமாதானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் வரவில்லை.

லாவண்யா படித்து முடித்துவிட்டாள். பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது வேலை. மாப்பிள்ளைப் பேச்சு எடுத்த பெரியவன் தன் சர்க்கரையைச் சோதிக்க அவளிடம்தான் ஊசிக்குக் கை நீட்டுகிறான். ஆனால் எங்கள் வீட்டில் தட்டில் ஒரே ஒரு வடை மிஞ்சினால் போதும். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். சரோஜா தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். "இன்ஸ்பெக்டரு, இது தேறுமா பாத்து சொல்லு."

நான் அந்த வடையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "நல்ல பீஸ்" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் பேரன் மறுபடி சொல்லச் சொல்வான். சொல்லிவிட்டு லாவண்யாவிடம் நீட்டுவேன். அவள் வாங்கி, என்னைப் பார்த்தபடியே, நிதானமாகத் தின்பாள்.

ஒரு நாளும் எனக்குப் பாதி கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.