‘இருக்கலாம்’ மேடையேறிய கதை

கண்டி மாவட்டத்தில் சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் அவர்தான். “இதுவரைக்கும் அப்படித்தான் உதிச்சிருக்கு அண்ணே” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரோடு ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘இருக்கலாம்’. சொந்தப் பெயரைக் கேட்டபோதுகூட, “பிறப்புச் சான்றிதழ்ல ஒண்ணு போட்டிருக்கு” என்றுதான் பதில் வந்தது.

நான் கல்யாண வீடு, கடைத் திறப்பு, கோயில் திருவிழா என்று கண்டியைச் சுற்றி மைக் பிடித்துப் பிழைப்பவன். பேச்சுக்கலையை எங்கும் போய்ப் படிக்கவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் சனம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டதுதான் என் படிப்பு. ஒரு கல்யாணத்தில் என் பேச்சைக் கேட்ட பேராசிரியை ஒருவர், “எங்க ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சாதாரண ஆட்கள்கிட்டப் பேசக் கத்துக் குடுங்க” என்று கூப்பிட்டார். மற்றவர்கள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். ‘இருக்கலாம்’தான் என் உயிரை எடுத்தார்.

அவருடைய ஆராய்ச்சி தண்ணீர். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு பீலிகள். மலையூற்றுத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற இடத்தைப் பீலி என்பார்கள். மேல் பீலித் தண்ணீர் இனிக்கும் என்று சனம் அதையே குடித்தது. அதில்தான் மலக்கிருமி இருப்பதை இவர் கண்டுபிடித்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கோ மாறி மாறி வயிற்றோட்டம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனத்தைக் கூட்டி இதைச் சொல்லியாக வேண்டும். தலைபோகிற காரியம். சொல்ல வேண்டியவர் இவர்!

முதல் ஒத்திகையில் முழுக்கத் திரையைப் பார்த்தே பேசினார். அவர் முகத்தைவிடப் பிடரிதான் எனக்கு நன்றாகப் பழகியது.

“தம்பி, மார்க்கட்ல மரக்கறி விக்கிற முஸ்லிம் நானா ஒருத்தர் எனக்குச் சொன்னாரு, சாமானையே பாத்துப் பேசினா சாமானுக்கேதான் விக்கணும்னு. ஆளப் பாருங்க!”

திரும்பினார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

“மேல் பீலித் தண்ணி கூடாது. அவ்வளவுதான். சொல்லுங்க பாப்போம்.”

“நாங்க எடுத்த மாதிரிகள்ல, அந்தக் காலப்பகுதியில, கிருமி காணப்பட்டிருக்கு. அதனால பாதிப்பு இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்கா?”

“இருக்குன்னு சொல்ல இன்னும் கொஞ்சம் மாதிரி எடுக்கணும் அண்ணே.”

“அதுக்குள்ள அந்தப் பிள்ளைகளுக்குக் குடலே மிஞ்சாது தம்பி!”

“மிஞ்சாமலும் போகலாம்” என்றார், உண்மையான கவலையோடு.

கன்டீனில் பால் விடாத பிளேன்டிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன். “ஒரு கப்ப வச்சு முடிவு சொல்ல ஏலாதே” என்று இன்னொன்று வாங்கிக் குடித்தார். அப்போதும் முடிவு வரவில்லை. பிறகு, ‘இருக்கலாம்’ என்று சொன்னால் விசில் ஊதுவேன் என்று ஒரு பயிற்சி வைத்தேன். ரயில் வந்துவிட்டதென்று யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்து, “களைப்பா இருக்கலாம்” என்றார்.

தோட்டத்துக்குப் போகிற நாள் கண்டி பஸ் நிலையத்தில், “அதுதானே நம்ம பஸ்?” என்றேன். “போர்ட்ல அப்படித்தான் போட்டிருக்கு” என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் தொண்டை கிழிய அறிமுகம் செய்து மைக்கைக் கொடுத்தேன். மாதிரிகள், காலப்பகுதி, சாத்தியம் என்று அவர் ஆரம்பித்தார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவிபோல இருந்த பாக்கியம் அக்கா, மடியில் கைக்குழந்தையோடு முன்வரிசையிலிருந்து கேட்டார்:

“தம்பி, தண்ணி நல்லா இருக்கலாம்ங்கிறீங்களா, கெட்டதா இருக்கலாம்ங்கிறீங்களா?”

“ரெண்டுக்கும் சாத்தியம் இருக்கு. ஆனா...”

“அவ்வளவுதானா! நாங்க பயந்தே போயிட்டோம்ல.” அக்கா சிரித்தார். மண்டபமே சிரித்தது. சனம் பாயை விட்டு எழும்பத் தொடங்கியது. இனி இந்தச் சனம் நிம்மதியாக அதே தண்ணீரைக் குடிக்கும். எனக்கு அழுகை வராத குறை.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தத் தோட்டத்து மரியாதை. அதிலும் விருந்தாளிக்கென்றால் இனிக்கிற மேல் பீலித் தண்ணீர்தான். பளபளவென்று துலக்கிய செம்பை அக்கா என்னிடம் நீட்டினார். எரிச்சலில் எந்தப் பீலி என்றே நான் நினைக்கவில்லை. வாங்கி அண்ணாந்தேன்.

“குடிக்காதீங்க அண்ணே! மேல் பீலி அது! கக்கூஸ் குழி கசியுது!”

கையில் மைக்கோடே பாய்ந்து வந்து ‘இருக்கலாம்’ செம்பைத் தட்டிவிட்டார். அது உருண்டு போன சத்தம் ஒலிபெருக்கி வழியாக எதிர்மலை வரைக்கும் கேட்டது. நான் முகமெல்லாம் நனைந்து நின்றேன்.

“கக்கூஸா?” என்றார் அக்கா.

“ஆமா.”

“தண்ணியில கலக்குதா?”

“கலக்குது. குடிச்சா வயித்தால போகும். கீழ் பீலியில எடுங்க. அதையும் கொதிக்க வச்சுக் குடுங்க.”

அக்கா குழந்தையின் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தார். பின்னாலேயே மற்றத் தாய்மாரும் போத்தல்களோடு வாசலுக்குப் போனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: “எப்படித் தம்பி, அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?”

“கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம்” என்றார்.

இப்போது அவர் ஏதோவொரு குளிர் தேசத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கல்யாண வீட்டில் யார் தண்ணீர் தந்தாலும், வாயில் வைக்கும் முன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது, பின்னாலிருந்து அந்தக் குரல் வருமா என்று.